எல்லைக்காத்தாள் தண்ணீர் கேட்ட கதை

பனையடிக்குளம் என்னும் ஊரில் கண்மாய் தூர்வாரும் வேலைக்காகத் தெலுங்கு நாட்டிலிருந்து சில குடும்பங்கள் வந்து தங்கியிருந்தன. அவர்களுள் ஒருவரான ஓபுலம்மையார் பொழுது சாயுமட்டும் தலையில் மண் சுமப்பார். பிறகு குளித்து, ஆவாரம்பூ பறித்துக்கொண்டு எல்லைக்காத்தாள் கோயிலுக்குச் செல்வார். வேற்று நாட்டார் என்று அவரை உள்ளே விடமாட்டார்கள். மதிலோரம் பூவை வைத்து, தம் மொழியிலேயே வேண்டிக்கொண்டு திரும்புவார்.

அவரைக் கண்டால் ஊரார் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வர். சொந்தத் தமையன் கொண்டையாவும் கடிந்துகொள்வார். "அவங்க சாமி அவங்களுக்கு. நீ போய் நின்னு எங்க எல்லாருக்கும் அடி வாங்கிக் கொடுக்கப்போறே."

அந்த அச்சம் ஓபுலம்மையாருக்கும் இருந்தது. அஞ்சிக்கொண்டேதான் போனார். போகாமலிருக்க அவரால் இயலவில்லை.

அவ்வாண்டுக் கோடையில் ஊரில் அம்மை கண்டு குழந்தைகள் இறந்தன.

"வந்தேறிங்க கொண்டாந்த சீக்குடா இது!" என்றார் ஊர்த்தலைவர் சேவுகப்பெருமாள். உச்சி வெயிலில் தெலுங்குக் குடும்பங்களின் குடிசைகளைக் கொளுத்த அவர் பின்னே பந்தங்களோடு கூட்டம் கிளம்பியது. அக்குடும்பங்களின் ஆண்கள் கண்மாயில் இருந்தனர். பெண்கள் பிள்ளைகளோடு பனங்காட்டுக்குள் ஓடினர். கொண்டையாவின் மகள் மட்டும் உடம்பெல்லாம் முத்துப் போட்டுக் குடிசையில் கிடந்தாள். தூக்கினால் அலறினாள். அவளைப் பார்த்துக்கொள்ள அன்று வேலைக்குப் போகாதிருந்த ஓபுலம்மையார் வாசலை மறைத்து நின்றார்.

"விலகு!"

"உள்ள பிள்ள இருக்கு சாமி... சின்னப் பிள்ள..."

சேவுகப்பெருமாள் பந்தத்தை ஓங்கினார். அம்மையார் வாசலை விட்டு நகரவில்லை. "அம்மா" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

பந்தம் கீழே விழுந்தது. தலைவரின் உடல் குலுங்கியது. அவர் தொண்டையிலிருந்து எழுந்தது ஒரு பெண்குரல். அது பேசியது தெலுங்கு. அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர் அவர். கூட்டம் வெலவெலத்துப் பின்வாங்கியது.

"ஆத்தா என்ன சொல்றா? சொல்லு தாயி!" என்று கொளுத்த வந்தவர்களே கெஞ்சினர்.

ஓபுலம்மையார் எடுத்துச் சொன்னார். "இந்தப் பிள்ள தலமாட்டுலயேதான் உக்காந்திருக்காளாம். தாகமா இருக்காம். என் கையால தண்ணி கேக்குறா."

அம்மையார் பானையை எடுத்து வந்தார். பாதி நீர் தரையில் சிந்தியது. சேவுகப்பெருமாள் மண்டியிட்டுக் கையேந்திக் குடித்தார். குடித்ததும் குலுக்கம் நின்றது. நனைந்த கைகளையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம் குரலிலேயே மெல்லச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் ஊத்து, தாயி."

பந்தங்களை மண்ணில் தேய்த்து அணைத்தார்கள். பிள்ளையும் பிழைத்தாள்.

அச்சம் தீராதபோதும் அன்பு குறையாத ஓபுலம்மையாரின் திருவடிகள் நம் நெஞ்சில் நிலைப்பதாக.