அசல் ஜோடி

கொளத்தூரில் எங்கள் தெரு ஜெசிந்தாவிடம் மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதில் பலராமனைத்தான் எனக்குக் கண்டாலே ஆகாது. அவள் வீட்டுக்குக் கீழேயே நான் மீன் தீனிக் கடை வைத்திருப்பதால் அடிக்கடி அவர் முகத்தில் முழிக்க வேண்டியிருந்தது.

ஜெசிந்தாவை விட அவர் வயதில் மூத்தவர். ஆனாலும் மீன் விஷயத்தில் அவள்தான் குரு என்று அவரே சொல்வார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அவருக்குப் பைத்தியமெல்லாம் விப்டெயில் மேல். அது கெளுத்தி வகை. குச்சி உடம்பு, சாட்டை வால். பழுப்பிலும் உண்டு, சிவப்பிலும் உண்டு. பலராமனுக்குச் சிவப்பு மட்டும்தான் மீன்.

போன வருஷம் அவர் வீட்டுத் தொட்டியில் ஒரு கூத்து நடந்தது. மிச்சத் தீனியைப் பொறுக்கட்டும் என்று அவரே விட்டு வைத்திருந்த பழுப்பு ஆண், சிவப்புப் பெண்ணோடு சேர்ந்துவிட்டது. தொட்டிக்குள் போட்டிருந்த குழாயில் பெண் முட்டை போட்டது. ஆண் தீனிக்குக் கூட வெளியே வராமல் முட்டை மேலேயே கிடந்து, துடுப்பால் விசிறி விசிறிக் காத்தது. பொரித்த குஞ்சுகளைப் பலராமன் ஒரு பக்கெட்டில் அள்ளிக்கொண்டு வந்தார்.

“எல்லாம் கலப்பு. ஊத்த எனக்குக் கை வரல. நீயே சாக்கடையில ஊத்திடும்மா.”

ஜெசிந்தா பக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் தமயந்தி வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவளைத் தலைமுழுகிவிட்டேன் என்று என் கடை வாசலில் நின்றே சொன்னார். சின்ன வயதில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மீன் பார்க்க வந்த பெண் அது.

போன ஞாயிற்றுக்கிழமை தமயந்தி கைக்குழந்தையோடு ஜெசிந்தாவிடம் வந்தாள். புருஷனுக்கு மஸ்கட்டில் வேலையாம், இந்த வாரமே கிளம்புகிறார்களாம்.

“அப்பா ஒரே ஒருதரம் இவளைத் தூக்கினாப் போதும் அத்தை” என்று அழுதாள். ஜெசிந்தா உடனே பலராமனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அவர் வியாழக்கிழமை வந்தார். மகள் பேச்சையே எடுக்கவில்லை. நான் தீனி மூட்டையை மேலே தூக்கிப் போய் இறக்கிக்கொண்டிருந்தேன்.

“குஞ்சு எடுக்க ஒரு ஜோடி வேணும்மா. அசல் சிவப்பு. கடைக்காரனுங்க எல்லாத்தையும் அசல்னுதான் விக்கிறானுங்க. எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

“நாலு தொட்டி இருக்குண்ணே. நீங்களே பாத்து எடுங்க.”

“நீ சொல்ல மாட்டியா?”

“எடுங்க. அப்புறம் சொல்றேன்.”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாக உட்கார்ந்தார். பெண் பார்க்கப் போன மாமியார் கூட அப்படிப் பார்க்க மாட்டாள். கடைசியில் மூலைத் தொட்டிக்கு முன்னால் அவர் முகம் மலர்ந்தது.

“இதோ. கன்னத்துல முள்ளு முள்ளா இருக்கு பாரு, இது ஆண். மேலேர்ந்து பாத்தா இது அகலம், பெண். ரெண்டுலயும் ஒரு பொட்டுப் பழுப்பு இருக்கா? ரத்தம்னா இதான்மா ரத்தம்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“என் கண்ணு தப்பாது.”

ஜெசிந்தா இரண்டையும் பிடித்து, கவரில் காற்று நிரப்பி, ரப்பர் பேண்டு போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

“உங்க வீட்டுக் குஞ்சுங்கதாண்ணே.”

“என் வீட்டுலயா?”

“போன வருஷம் பக்கெட்டுல கொண்டாந்தீங்களே. எனக்கும் ஊத்தக் கை வரல. பாதி செவப்பா வந்துச்சு.”

அவர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏமாத்திட்டியேம்மா.”

“நான் எங்கண்ணே ஏமாத்துனேன்? அதுங்க பாட்டுக்குத் தொட்டியில கிடந்துச்சு. நீங்கதான் பாத்து எடுத்தீங்க.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அவரைத் திட்டக் காத்திருந்தவன்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தலை நிமிராமலே கேட்டார்.

“குழந்தை யாரு சாடை?”

“உங்கம்மா சாடைண்ணே. நெத்தி அப்படியே.”

“பிளைட்டு எப்ப?”

“நேத்தே போயிட்டாங்க.”

“மறுபடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னதுக்கு, எனக்குப் பொண்ணே இல்லன்னு போனை வெச்சீங்களேண்ணே.”

கவருக்குள் மீன் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“இதுங்கள இப்ப நான் என்ன பண்றது, ஜெசிந்தா?”

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“போன வருஷம் நீங்க என்னைக் கேக்கலியேண்ணே. என்ன பண்ணணும்னு நீங்களேதான் சொன்னீங்க.”