தரைக்கொடி பனியில் சிவந்த கதை

அந்தக் காலத்தில் கொடிக்கும் வாய் இருந்தது, பனிக்கும் வாய் இருந்தது. மேல்மலையில் மார்கழி பிறந்துவிட்டால் உறைபனி விடியற்காலையில் வீடு வீடாக இறங்கும். அதற்கு ஒரு கெட்ட வழக்கம். தெரிந்தவர் குரலில் வாசலில் நின்று கூப்பிடும். உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்லிவிட்டால் போதும், அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றின் மூச்சை எடுத்துக்கொண்டு போய்விடும்.

பூவாயி அப்படி இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். முதல் வருடம் பக்கத்து வீட்டுக்காரி குரல், அடுத்த வருடம் புருஷன் குரல். இரண்டு தடவையும் "யாரது?" என்று கேட்டவள் அவள்தான். இரண்டு பேரையும் வாசலோரமே புதைத்தாள். மிச்சம் இருந்தது ஒரு கைக்குழந்தை.

மண்ணுக்குள்ளும் குளிருமே என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எந்தச் செடியைக் கேட்டாலும் பனி வந்தால் இலையைக் கொட்டிவிடுவேன் என்றது. பாறையடியில் படர்ந்திருந்த தரைக்கொடி மட்டும், தான் கொட்டுவதில்லை என்றது. ஐப்பசி மழையில் கணு கணுவாகக் கிள்ளி வந்து பிள்ளைகளைப் புதைத்த மேட்டில் நட்டாள். செத்த பிள்ளைகளுக்குப் போர்வை போர்த்துகிறாள் என்று ஊர் சிரித்தது. பெற்ற மனம் பித்துதானே. கார்த்திகை முடிவதற்குள் மேடு இரண்டும் பச்சையாக மூடிக்கொண்டன.

மார்கழியில் ஒரு நாள் கொடி அவளைக் கூப்பிட்டது.

"நேத்து பனி எம்மேல படுத்து, மண்ணுல காதை வச்சுக் கேட்டுச்சு. உன் பிள்ளைங்க குரலைப் படிச்சுக்கிட்டுப் போயிருக்கு. நாளைக்கு வரும். வாயைத் திறந்துராத."

புருஷன் எருமைகளோடு கீழ்மலைக்குப் போயிருந்தான். மறுநாள் விடிந்தும் வெயில் ஏறவில்லை. பூவாயி குழந்தையை அணைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, குளிருது." மூத்தவன் குரல். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, கதவைத் தொற." இளையவளின் மழலை. கடித்த உதட்டில் ரத்தம் வந்தது.

அடுத்து வந்த குரல் வாசலிலிருந்து வரவில்லை. மண்ணுக்குள்ளிருந்து, இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

"திறக்காதம்மா. பாப்பா தூங்கட்டும். எங்களுக்குக் குளிரல."

அது பனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பனி இன்னும் போகவில்லை என்பதும் தெரிந்தது. கதவிடுக்கில் வெள்ளையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தன் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாமல் அந்தத் தாய் துடித்துப்போனாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

வெயில் ஏறியது, பனி போனது. பூவாயி வெளியே ஓடிவந்து மண்ணில் விழுந்து இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. தன்னிடம் சொன்னால் வேர் வழியாகச் சேர்த்துவிடுவதாகக் கொடி சொன்னது. ஒவ்வோர் இலையாக எடுத்து முத்தம் கொடுத்தாள். ரத்த உதடு பட்ட இலையெல்லாம் சிவந்தது.

அன்று முதல்தான் உதிராத தரைக்கொடி மார்கழியில் சிவந்து கிடக்கிறது. மேல்மலைக்காரர்கள் அதை வாசலில் வளர்ப்பதும், வெயில் ஏறும்வரை யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாததும் அன்று முதல்தான். பெற்ற பிள்ளையே கூப்பிட்டாலும் சொல்வதில்லை.