நீரோட்டத்தில் அளந்த வேகம்

உங்கள் வேகத்தில் உங்களுடையது எவ்வளவு, உங்களைச் சுமந்து வந்தது எவ்வளவு என்று என்றேனும் பிரித்துப் பார்த்ததுண்டா?

நெடுங்காலன் என்ற கடமான் பார்த்ததில்லை. அந்தக் கோடையில் காட்டில் ஒரே ஒரு புல்வெளிதான் பசுமையாக எஞ்சியிருந்தது. நீச்சல், மலையேற்றம், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியில் வெல்பவரின் கூட்டத்துக்கே அது என்று விலங்குகள் முடிவு செய்தன. நெடுங்காலனின் கன்றுகள் காய்ந்த மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தன. மலையிலும் ஓட்டத்திலும் அதற்கு இணையில்லை. நீச்சலும் தெரியும், ஆற்றில் நீந்திப் பழகியது.

போட்டியோ ஒரு பாறைக் குளத்தில் நடந்தது. இடம் குறுகல். ஆகவே நீளவாக்கில் கொடிகளைக் கட்டித் தடம் பிரித்திருந்தார்கள். ஒரு தடத்தில் போய், கொடிக்கு அடியில் மூழ்கி, அடுத்த தடத்தில் திரும்ப வேண்டும். வேகமானவர் முதலில் இறங்குவார். பின்னால் வருபவர் காலைத் தொட்டால், முன்னால் போகிறவர் கரையோரம் ஒதுங்கி வழிவிட வேண்டும். நடுவரான ஆமை இவற்றைச் சொல்லி, முன்தினமே வந்து நீந்திப் பார்க்க அழைத்திருந்தது. நெடுங்காலன் மட்டும் போகவில்லை.

போட்டியன்று ஆமை ஒவ்வொருவரின் வேகத்தையும் கேட்டது. காட்டுப்பன்றி ஐந்நூறு எண்ணும் நேரமாகும் என்று தயங்காமல் சொல்லிக் கடைசியில் போய் நின்றது. நெடுங்காலன் அதைப் பார்த்து நகைத்தது.

"எனக்கு இருநூறு போதும், ஐயா."

"எங்கே அளந்தீர்கள்?"

"ஆற்றில்."

"நீரோட்டத்தோடா, எதிர்த்தா?"

அது என்ன கேள்வி என்று நெடுங்காலனுக்கு விளங்கவில்லை. முதலாவதாகக் குதித்தது.

குதித்ததும் திகைத்தது. தண்ணீர் நகரவேயில்லை! உதைத்தால் மட்டுமே உடல் முன்னே போயிற்று. உதைப்பதை நிறுத்தினால் நின்றது. முதல் தடம் முடியுமுன்பே காலில் ஏதோ பட்டது. நீர்நாய்.

"அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்கள். உங்களுக்குப் பின்னால் பெரிய ஊர்வலமே நிற்கிறது."

ஒதுங்க மனம் வரவில்லை. இருந்த மூச்சையெல்லாம் செலவழித்து விரைந்தது. திருப்பத்தில் கொம்பு கொடியில் சிக்கிற்று. தண்ணீர் குடித்து, திணறி, அது விடுபடுவதற்குள் எல்லோரும் கடந்துவிட்டார்கள். கடைசியாகக் காட்டுப்பன்றியும் நிதானமாகக் கடந்தது.

என்றும் தளராத அந்தக் கால்கள், மலையடிவாரத்தின் முதல் பாறையிலேயே மடங்கின. மூச்சைச் சேமித்து வைத்திருந்த காட்டுப்பன்றி, மலையிலும் ஓட்டத்திலும் மற்றவர்களை ஒவ்வொருவராக முந்தி வென்றது. மாலையில் அதன் கூட்டம் புல்வெளிக்குள் நுழைந்தது.

"நாளைக்கு நம் கன்றுகள் எதைத் தின்னும்?" என்று அதன் துணையான பெண்மான் கேட்டது.

தம்மைச் சுமந்த நீரோட்டத்தையும் தம் வலிமை என்று எண்ணுபவர், தம்மை நம்பியவர்களையே பட்டினி போடுவார். ஆகவே நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றே, பொழுது சாய்வதற்குள், அசையாத நீரில் ஒருமுறை இறங்கி உங்களை அளந்து பாருங்கள்!