தரையில் வைத்த கதிர்ப்பாத்திரம்

“எனக்கு ஒண்ணும் தெரியல சாமி. அப்பம்தான் தெரியுது.”

திருத்தொண்டர் இன்னாசி இதைச் சொன்னபோது நற்கருணைப் பவனி புறப்படக் கால் மணி நேரம் இருந்தது.

கல்லூரி வேலையை உதறிவிட்டு நாற்பது வயதில் குருமடத்துக்கு வந்தவர். அடுத்த வாரம் குருப்பட்டம்.

கடவுளின் மாட்சி ஒரு மனித முகத்தில் வெளிப்பட்டது என்று எட்டு வருடம் படித்தாயிற்று. பரீட்சை எழுதியாயிற்று. பிரசங்கமும் வைத்தாயிற்று. அப்பத்தில் அந்த முகத்தை ஒருநாள்கூடக் கண்டதில்லை. காணாததைக் கண்டதாக ஆயர் முன்னால் நின்று சொல்ல முடியாது. இன்றும் இப்படியே போனால் நாளைக் காலை விலகல் கடிதம்.

பங்குத்தந்தை பிலவேந்திரன் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் இன்னாசிக்கு அவர்தான் குரு.

பிலவேந்திரன், நற்கருணை அப்பம் வைத்து பவனியில் தான் தூக்க வேண்டிய கதிர்ப்பாத்திரத்தை எடுத்து நீட்டினார்.

“இன்னைக்கு நீங்க தூக்குங்க.”

அதில் வெறுங்கை படக்கூடாது. தோளில் போர்த்திய பட்டுத் துகிலின் முனைகளால் கைகளை மூடிக்கொண்டு இன்னாசி அதை வாங்கினார். சுற்றிலும் தங்கக் கதிர்கள். நடுவில் வெள்ளை அப்பம்.

கடைத்தெரு முனையில் பவனி நின்றுவிட்டது.

சாக்கடை வழிந்துகொண்டிருந்த தெரு அது. பவனி வருவதற்குள் அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று பங்குப் பேரவைக்காரர்கள்தான் ஆள் பிடித்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் குழிக்குள். மேலே நின்ற மாரி, அவர் உடம்பில் கட்டிய கயிற்றை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சத்தம் இல்லை.

வெள்ளைச் சேலைகளும் வெள்ளை வேட்டிகளும் இரண்டடி பின்வாங்கின. யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். பவனியைப் பக்கத்துத் தெருவழியாகத் திருப்பலாமே என்றார் பேரவைச் செயலாளர்.

பிலவேந்திரன் போய்க் கயிற்றைப் பிடித்தார். இருவருமாக இழுத்தார்கள். குழியின் வாய்வரை தலை வந்தது. தோள் சிக்கிக்கொண்டது. கயிற்றை விட்டால் ஆள் கீழே போய்விடுவார். யாராவது குனிந்து அக்குளில் கை கொடுத்துத் திருப்ப வேண்டும்.

பக்கத்தில் நின்றது இன்னாசி.

“கை குடுங்க.”

“கையில ஆண்டவர் இருக்கார் சாமி.”

“கீழ வைங்க.”

இன்னாசி சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு மேஜைகூட இல்லை. கறுப்புத் தண்ணீர் ஓடிய தார் ரோடுதான்.

“தரையிலயா?”

“எறங்கி வந்தவர்தானே. பழக்கம் இருக்கும்.”

கயிறு ஒரு சாண் நழுவியது.

இன்னாசி துகிலை உருவி ரோட்டில் போட்டார். அதன்மேல் கதிர்ப்பாத்திரத்தை வைத்தார். கூட்டத்தில் ஒரு அம்மா விம்மியது கேட்டது. வயிறு தரையில் படக் கவிழ்ந்து படுத்து, இரண்டு கைகளையும் குழிக்குள் விட்டார்.

முதல் பிடி வழுக்கிவிட்டது. இரண்டாவது பிடி நின்றது.

வெளியே வந்த உடம்பில் முகம் இருந்த இடம் தெரியவில்லை. இன்னாசி அங்கியின் கையால் சேற்றை வழித்தார். வாயோடு வாய் வைத்து ஊதினார். மறுபடி ஊதினார்.

மாரி திட்டிக்கொண்டே இருந்தார்.

“டேய் தேசிங்கு, எந்திரிடா. ஒம் பொண்டாட்டிகிட்ட நான் போயி என்னன்னுடா சொல்றது.”

இன்னாசி ஊதினார்.

நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இருமல். ஒரு கண் திறந்தது.

சாயங்கால வெயில் அந்த ஈர முகத்தில் விழுந்தது. இன்னாசிக்குக் கண் கூசியது. அப்படியும் பார்வையை எடுக்கவில்லை.

பவனியில் ஜெபம் சொல்லி நடத்திவந்த உபதேசியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். பவனி நின்றால் ஜனங்கள் நற்கருணையைப் பார்த்து முழங்காலில் நிற்பது வழக்கம். நற்கருணையோ தரையில் இருக்கிறது. திருத்தொண்டர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழங்காலில் இருக்கிறார்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்கச் சொல்வது என்று பங்குத்தந்தையைக் கேட்டார்.

பிலவேந்திரனின் உள்ளங்கை கயிறு அறுத்து ரத்தமாக இருந்தது.

“இன்னாசியக் கேளுங்க.”

இன்னாசியின் காதில் அது விழவில்லை. தேசிங்கின் இன்னொரு இமையில் ஒட்டியிருந்த சேற்றை விரல் நுனியால் மெல்ல எடுத்துக்கொண்டிருந்தார்.