வாசல் பாய்

தேரிக்காட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சூதாட்டத்தை விட வந்தவர்கள் தங்கும் வீடு ஒன்று இருந்தது. நடத்தியவர் உலகம்மை. நாற்பது வயதுதான். ஆனாலும் வந்தவர் எல்லாருக்கும் அவர் அம்மா. நாற்பத்தெட்டு நாள் தங்க வேண்டும், போனைக் கொடுத்துவிட வேண்டும், கேட்டுக்குப் பூட்டு கிடையாது. இவ்வளவுதான் அங்கே சட்டம்.

அவருக்குச் சீடர் என்று சொல்ல ஒருவர்தான் உண்டு. அருமைநாதன், ஐம்பத்தெட்டு வயது. சீட்டாட்டத்தில் இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே வந்தவர். நாற்பத்தெட்டு நாளும் இருந்து முடித்தார். அப்புறம் ஊருக்குப் போகவேயில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பாய் கொடுத்து இடம் காட்டுவது அவர் வேலை.

அதில் அவர் பெரிய கெட்டிக்காரர். ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவார். வீட்டார் இழுத்துக்கொண்டு வந்து விட்டவன் தங்கமாட்டான். கூடவே குடிக்கிறவன் தங்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆள் வராதவனும் தங்கமாட்டான். ஒரு தடவை ஓடியவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படிப்பட்டவனுக்கு வாசலை ஒட்டிய பாயைக் கொடுப்பார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மற்றவர்களை மிதிக்காமல் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். சரியாகும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி. அது எங்கே பழகிய குளிர்ச்சி என்று மனுஷர் யோசித்துப் பார்த்ததேயில்லை.

பேச்சிமுத்து என்ற தையல்காரன் வந்தான். போனில் ரம்மி ஆடி ஆடித் தையல் மெஷின் வரைக்கும் விற்றவன்.

"மூணாவது தடவையா?" என்றார் அருமைநாதன்.

"ஆமா அண்ணாச்சி."

"முதல்ல ஒம்பது நாள். அடுத்து இருபது."

"இந்தத் தடவ இருந்துருவேன் அண்ணாச்சி. செல்லக்கிளி பிள்ளைய தூக்கிட்டு அவ அம்மை வீட்டுக்குப் போயிட்டா. நாப்பத்தெட்டு நாள் முடிச்சுட்டு வாங்க, அதுவரைக்கும் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டா. முடிக்கலன்னா எனக்குப் பெண்டாட்டியும் இல்ல, பிள்ளையும் இல்ல."

"இருந்தா நல்லதுதான்."

சொல்லிவிட்டு வாசல் பாயைக் காட்டினார். உள்ளே சுவரோரம் இரண்டு இடம் காலியாக இருந்தது. பேச்சிமுத்து அதைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். வாசல் பாயில் பையை வைத்தான்.

ஒன்பதாம் நாள் தாண்டியது. இருபதும் தாண்டியது. எல்லாருடைய கிழிந்த சட்டைகளையும் அவன் கையாலேயே தைத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. முப்பதாம் நாள் தாண்டியபோது அருமைநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தேறி வருகிறானே என்று சந்தோஷப்பட வேண்டிய மனுஷர், காலையில் எழுந்ததும் பாய் காலியா என்று பார்த்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடியதா அது?

நாற்பத்தோராம் நாள், சனிக்கிழமை காலை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து பையோடு கேட்டைத் தாண்டிப் போனான். பஸ் இன்னும் வரவில்லை. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் காதில் விழுந்திருக்கும்.

அருமைநாதன் கொடுக்கவில்லை. நாம நினைச்சது தப்பலை என்றுதான் அவருக்குத் தோன்றியது. அந்தக் குளிர்ச்சி உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பஸ் வந்தது, போனது. அவர் மிச்ச முற்றத்தையும் கூட்டினார்.

மறுநாள் ஒரு பெண் தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

"செல்லக்கிளி அண்ணாச்சி. வரமாட்டேன்னுதான் சொல்லியிருந்தேன். இன்னும் ஆறு நாள்தானே, மனசு கேக்கல. அவுக எங்க?"

"நேத்தே போயிட்டானேம்மா. வீட்டுக்கு வரலியா?"

"வரலியே."

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவும் இல்லை. சாயங்காலம் கொண்டுவந்த மீன்குழம்போடு அப்படியே திரும்பிப் போனாள்.

போலீசில் சொன்னார்கள். ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். பேச்சிமுத்து எங்கேயும் போய்ச் சேரவில்லை. அடுத்த ஞாயிறும் செல்லக்கிளி வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும். ஒருவேளை இங்கே திரும்பி வந்திருப்பாரோ என்று கேட்பாள். தூக்குவாளியைக் கீழே வைக்காமலே கேட்பாள்.

நான்காம் ஞாயிறு காலையில், உள்பாயில் படுக்கும் ஞானதிரவியம் அருமைநாதனிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, ஏசப்பிடாது. நாங்க இங்க பந்தயம் வச்சோம்."

"இங்கயேயா! வெக்கமா இல்ல? என்னத்த வச்சு?"

"ஞாயித்துக்கிழம அவிச்ச முட்டைய வச்சு. வாசப் பாயில இருக்கிற ஆள் போவானா, இருப்பானான்னு."

"பேச்சிமுத்து பேர்லயுமா?"

"நான் இருப்பாருன்னு வச்சேன். மத்தவன் எல்லாம் போவாருன்னு வச்சான்." அவன் வாசல் பாயைப் பார்த்தான். "அவரும் போவேன்னுதான் வச்சாரு அண்ணாச்சி."

"அவனேவா?"

"ஏன்யா இப்படின்னு கேட்டேன். அண்ணாச்சி இந்தப் பாயக் கொடுத்துட்டாரு, அவரு பாத்துச் சொன்னா தப்பாதுல்லா, அப்படின்னாரு."

அருமைநாதன் நேரே அடுப்படிக்குப் போனார். உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவரிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சத்தம் கொடுக்காததையும் சொன்னார்.

"ஒரு ஆள் தங்குறதுக்கு என்னதாம்மா வேணும்? ஒம்பது வருஷமாப் பாக்கேன். வீடு வேணுமா, ஆள் வேணுமா, புத்தி வேணுமா? எனக்கு ஒண்ணும் விளங்கல."

உலகம்மை கையை உதறிவிட்டு எழுந்தார். "வாங்க அண்ணாச்சி."

கூடத்துக்குக் கூட்டிப்போய் வாசல் பாயைக் காட்டினார். "படுங்க."

படுத்தார்.

"என்ன தெரியுது?"

"ரோடு தெரியுது. பஸ் நிக்கிற இடம் தெரியுது."

"இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார். "எல்லாரோட காலும் தெரியுது."

"முகம்?"

"தெரியலம்மா."

வெளியே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் மறுபடி வாசல் பக்கம் திரும்பினார். செல்லக்கிளி இறங்கினாள். கையில் தூக்குவாளி. அருமைநாதன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐம்பத்தெட்டு வயது ஆள் அழுகிற அழுகை பார்க்கச் சகிக்காது.

"நாப்பத்தோரு நாள் அவன இதைப் பாக்க வச்சுட்டேனே. நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருக்கணும்" என்றார் உலகம்மை. "உங்க கண்ண நானும் நம்பிட்டேன். பத்துக்கு எட்டு சரியா இருந்துச்சே."

செல்லக்கிளி ரோட்டைத் தாண்ட நின்றுகொண்டிருந்தாள்.

"என்னைய அன்னைக்கு உங்க ரூம் சுவர ஒட்டிப் போட்டீங்க" என்றார் அருமைநாதன். "எங்கண்ணன் இழுத்துட்டு வந்து விட்டான். வரும்போதே குடிச்சிருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமையும் ஒருத்தரும் வரல. நான் இருப்பேன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க தெரியும்? விடியறதுக்குள்ள போயிருவீயன்னுதான் நினைச்சேன். அதனாலதான் உள்ள போட்டேன்."