எருமைக் கடா சிரித்தது ஏன்?

எருமையும் கொக்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு பெரிய கண்மாயின் வடகரையில் ஒச்சாயி என்றொரு பெண் எருமை மந்தை வைத்திருந்தாள். அந்த மந்தையைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். மந்தை முழுக்க ஒரே அச்சு. ஒரே மைக்கறுப்பு, ஒரே பிறைக்கொம்பு, நடைகூட ஒன்றுதான். பால் கறக்கும்போது ஒச்சாயியே ஒன்றை இன்னொன்றின் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொள்வாள்.

அந்த அச்சு கெட்டுவிடக் கூடாது என்று மந்தைக்குள்ளேயே பெண் எடுத்து, மந்தைக்குள்ளேயே பெண் கொடுத்தாள். அதில் கடா மையாண்டிக்குப் பெருமை தாங்காது. தென்கரையில் மேயும் மந்தையைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பான்.

"ஒண்ணு சாம்பல், ஒண்ணு செம்பட்டை, இன்னொண்ணுக்குக் கொம்பு காதைக் குத்துது. அதெல்லாம் ஒரு கூட்டமா, ஆத்தா?"

வடகரையிலும் ஒருத்தி மட்டும் அச்சில் சேராமல் பிறந்திருந்தாள். அவளுடைய தாய் ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு போய்த் தென்கரையில் ஒதுங்கி, சினையோடு திரும்பி வந்து ஈன்ற கன்று அது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் பேரும் சுட்டி. மந்தை குடித்து முடித்த பிறகுதான் அவள் தண்ணீரில் வாய் வைக்கலாம் என்பது மையாண்டி போட்ட சட்டம்.

ஒரு கோடையில் கோமாரி நோய் வந்தது. முதலில் மையாண்டியின் நாக்கில் கொப்புளம் எழும்பியது. பிறகு மந்தை மொத்தமும் எச்சில் ஒழுக நின்றது. குளம்பிடுக்கு வெடித்து ஒன்றாலும் காலை ஊன்ற முடியவில்லை. பால் வற்றியது. இரண்டு இளங்கன்றுகள் தாயின் காலடியிலேயே சாய்ந்தன. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் பூசி ஒச்சாயிக்குக் கை ஓய்ந்துபோனது.

சுட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கரையோரத்து இளம்புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு வந்து, படுத்துக் கிடந்தவர்கள் முன்னால் போட்டுக்கொண்டிருந்தாள். மையாண்டிக்கும் போட்டாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டு தின்றான்.

"உனக்கு மட்டும் எப்படிடி நோய் வரல?" என்று ஒச்சாயி கேட்டாள்.

"தெரியல ஆத்தா. எல்லாரும் குடிச்ச தண்ணியைத்தான் நானும் குடிச்சேன். என்ன, கடைசியாக் குடிச்சேன்."

சுட்டியின் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்கு தலையைத் தூக்கியது. இரண்டு கரை எருமைகள் மேலும் உட்கார்ந்து வருகிற பறவை அது.

"தென்கரைக்கும் கோமாரி போச்சு, ஒச்சாயி. அங்கே சிலபேர் படுத்தாங்க, சிலபேர் நொண்டினாங்க, மிச்சப்பேர் மேய்ஞ்சுக்கிட்டே இருந்தாங்க."

"அதெப்படி?"

"ஒவ்வொரு உடம்புக்குள்ளயும் காவல்காரங்க இருக்காங்க. அவங்க அப்பன், ஆத்தா வழியா வர்றவங்க. ஒருத்தருக்கு ஒரு நோயோட முகம் அடையாளம் தெரியும், இன்னொருத்தருக்கு வேற நோயோட முகம் தெரியும். உன் மந்தையில எல்லா உடம்புலயும் ஒரே வீட்டுக் காவல்தான். ஒருத்தரை ஏமாத்தத் தெரிஞ்சதும் கோமாரி எல்லாரையும் ஏமாத்திடுச்சு. சுட்டிகிட்ட ரெண்டு கரைக் காவலும் இருக்கு."

செத்துப்போன கன்றுகள் கிடந்த இடத்தை ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். எந்த அழகைப் பார்க்க ஊர் ஊராக வந்தார்களோ, அந்த அழகுக்குத்தான் இரண்டு கன்றுகளைக் கொடுத்திருக்கிறாள்.

முதல் மழை விழுந்ததும் நோய் இறங்கியது. மந்தை மெல்ல எழுந்து நடந்தது. அன்று காலை ஒச்சாயி, மந்தை தென்கரைப் பக்கம் போகாதபடி பட்டியை அடைத்திருந்த முள்படலிடம் நேராகப் போனாள்.

"ஆத்தா, நம்ம அச்சு போயிடுமே!" என்று மையாண்டி பதறினான்.

"போகட்டும்டா. நீங்க உசுரோட இருந்தாப் போதும்."

படலைப் பிடுங்கிக் கண்மாய்த் தண்ணீரில் வீசினாள். அது மிதந்து போயே போய்விட்டது.

சுட்டி முன்னால் நீந்தினாள். வெட்கம் தாங்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு மையாண்டி பின்னால் போனான். தென்கரையில் நின்ற ஒரு சாம்பல் எருமை அவனைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கண்ணை மூடிக்கிட்டா பொண்ணு பார்க்க வருவாங்க?"

மையாண்டி அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் வேலை செய்தது. பிறந்த நாளிலிருந்து அவன் முகர்ந்ததெல்லாம் தாய் வாசம், தங்கச்சி வாசம், தன் வாசம்தான். இது வேறு வாசம். வேறு வீட்டுக் காவல்காரர்களின் வாசம். அவன் கழுத்து தானாக வானத்தைப் பார்த்து உயர்ந்தது. மேலுதடு தானாகச் சுருண்டது. பல்லில்லாத மேல் ஈறு பளிச்சென்று தெரிய, வாழ்க்கையில் முதல் தடவையாக மையாண்டி சிரித்தான்.

அதைப் பார்த்துச் சுட்டி சிரித்தாள், சாம்பல்காரி சிரித்தாள், அக்கரையில் நின்ற ஒச்சாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று சாயங்காலமே தென்கரைக் கடாக்கள் இரண்டு வடகரைக்கு நீந்தி வந்தன. தண்ணீர்த்துறையில் யார் முதல், யார் கடைசி என்று அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

அடுத்த ஈற்றில் சாம்பலும் செம்பட்டையும் கறுப்புமாகக் கன்றுகள் துள்ளின. கோமாரி மறுபடியும் வந்து பார்த்தது. இங்கே ஒன்று எச்சில் ஒழுக்கியது, அங்கே ஒன்று நொண்டியது, மற்றவை வாலை ஆட்டிக்கொண்டு மேய்ந்தன. கோமாரி வந்த வழியே போய்விட்டது.

அன்று தொடங்கியதுதான், எருமைக் கடா ஒரு பெண்ணெருமையை முகர்ந்ததும் முகத்தை வானத்துக்குத் தூக்கி உதட்டைச் சுருட்டிச் சிரிப்பதும், நம் ஆட்கள் பக்கத்து ஊர்க் கடாவைத் தேடி ஓட்டிவருவதும்.