கம்புகளின் நடுவே நடந்த காங்கேயனார்

கரட்டூர்க் குமரன் கோயிலில் விளக்குத் தேய்ப்பதே காங்கேயனாரின் பணி. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவார். திரி கருகினால் ஓடிவந்து தூண்டுவார். ஆனால் மகா பயந்தாங்கொள்ளி! மாடு முக்காரமிட்டாலே அவருக்குக் கைகால் உதறும்.

அக்கோயிலில் ஒரு வெள்ளி வேல் இருந்தது. "ஆடிக் கிருத்திகை அன்னிக்கு வெள்ளி வேலத் தூக்கிருவேன். குறுக்க நின்னா தலை இருக்காது" என்று மலைக்கள்ளன் ஒருவன் சொல்லியனுப்பினான். நமக்கேன் வம்பு என்று ஊரார் ஒதுங்கிக்கொண்டனர். "ஐயோ, எஞ்சாமிக்கு வேற யாரு இருக்கா?" என்று அழுத காங்கேயனார், சிலம்பம் கற்க மதுரைக்குப் புறப்பட்டார்.

அம்மாநகரம் அவரை மிரட்டிற்று. குதிரைகள் உரசிக்கொண்டு ஓடின. வழி கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினர். கண்டுபிடித்த முதல் சிலம்பக் கூடத்தில், கம்பு சுழலும் ஓசைக்கே கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"வெளக்குத் தேய்க்கிற கைக்குக் கம்பு கேக்குதாக்கும்! போய்யா!" என்று விரட்டினர். அடுத்த கூடத்திலும் அதே கதைதான். கிருத்திகைக்கு இரண்டு நாளே இருந்தது.

அந்திவேளையில் ஒரு சந்துக்குள் மூன்றாவது கூடத்தைக் கண்டார். உள்ளே பன்னிரண்டு கம்புகள் சுழன்றுகொண்டிருந்தன. ஆசான் இளவயதினர். "கண்ணை மூடாம நில்லுங்க பெரியவரே, பாப்போம்" என்றார். காங்கேயனாரால் முடியவில்லை. தலைகுனிந்து திரும்புகையில், எதிர்ச்சுவர் மாடத்தில் குமரன் விளக்கு அணையப்போவதைக் கண்டார்.

அவ்வளவுதான்! சுழலும் கம்புகளின் நடுவே விடுவிடென்று நடந்தார். காதோரம் காற்றுச் சீறியது. அவர் கண்கள் சுடரைவிட்டு நகரவில்லை. திரியைத் தூண்டி எண்ணெய் வார்த்தார். பிறகுதான் தாம் நிற்கும் இடம் உறைத்து வெலவெலத்துப்போனார்.

ஆசான் புன்னகைத்தார். "படிப்பு முடிஞ்சுது. ஊருக்குப் போங்க."

"கம்பையே தொடலையே சாமி!"

"அங்கயும் வெளக்கப் பாத்துக்கிட்டே நில்லுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தார். கூடத்தைக் காணோம். பூட்டிய சிறு குமரன் கோயிலொன்றின் உள்ளே, அவர் தூண்டிய சுடர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கிருத்திகையன்று நடுப்பகலில் அரிவாளோடு கள்ளன் வந்தான். காங்கேயனார் சன்னதி வாசலை மறித்து, விளக்கைப் பார்த்தபடி நின்றார். முதுகு நடுங்கிற்று, கால் விலகவில்லை. அரிவாளை ஓங்கியவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அடியாத்தீ! ஒத்த ஆளுக்குப் பன்னெண்டு கையி! கைக்கொரு கம்பு!" என்று அலறி, அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினான்.

காங்கேயனார் திரும்பவே இல்லை. திரி கருகியிருந்தது, தூண்டிக்கொண்டிருந்தார். பயம் தீராமலே நின்ற அந்தப் பெருமானின் பாதங்கள் நம் தலைமேல் இருக்கட்டும்.